என்னை நிறுத்திய நான்காம் படிவம்

மேசையிலே மணியும், முகத்திலே கனிவும், மனத்திலே "இவன் எப்போது முடிப்பானோ" என்ற கவலையும் கொண்டு வீற்றிருக்கும் அவைத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அம்மையார் புஷ்பவல்லி அவர்களே! பொன்னாடைகளை மடியில் அடுக்கிவைத்துக்கொண்டு, எந்த நிறம் யாருக்கு என்று இன்னும் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருக்கும் விழாக் குழுவினரே! கிள்ளானிலிருந்து ரயிலேறியும், செலாயாங்கிலிருந்து நெரிசலில் நீந்தியும், இந்தக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீதிகளில் கார் நிறுத்த இடம் தேடித் தேடி வந்த தெருவையே திரும்பத் திரும்பத் தரிசித்தும் இங்கே வந்து சேர்ந்திருக்கும் அறிவியல் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை படிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கும் தந்தையரே! அவன் படிக்கவில்லை என்று தெரிந்தும் சோறு போட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கறுப்புப் பைகளோடும் கவிழ்த்துப் போட்ட ஒரு மேசையோடும் காத்திருக்கும் என் மாணவச் செல்வங்களே! முன்வரிசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி புனிதாவே!

உங்கள் அனைவருக்கும் என் அன்பும் பண்பும் கலந்த அந்தி வணக்கம்.

என்ன அண்ணே? வணக்கம் சொல்லவே இவ்வளவு நேரமா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இது குறைத்தது. வீட்டில் எழுதிய மூலத்தில் ஒலிபெருக்கிக்காரருக்கும் வாசலில் வடை சுடும் அக்காவுக்கும் தனித்தனி விளிகள் இருந்தன. காரில் வரும்போது புனிதா அவற்றை நீக்கிவிட்டார். அந்த வடை அக்காவுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "தலைகீழ் வகுப்பறையும் செய்முறைக் கல்வியும்." தலைப்பைக் கேட்டவுடன் என் நண்பர் ஒருவர், "உன் வகுப்பு எப்பவும் தலைகீழாத்தானே கெடக்கும், அதுல என்ன புதுசா பேசப்போற?" என்றார். நண்பர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மைப் போன்றவர்கள் வீட்டு வாசல் நிலை தலையில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுவோம்.

அன்பர்களே! என்னைப் பற்றி நானே சொல்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சொல்லாத காரணத்தால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் கார்த்திகேசு. தொழில், கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நோய், மேடைப்பேச்சு. கிள்ளானில் ஒரு சங்கம் எனக்குச் "செந்நாச் செம்மல்" என்று பட்டம் கொடுத்திருக்கிறது. பட்டம் கொடுத்த அன்றைக்கே நான் ஏற்புரை ஆற்றினேன். அந்தச் சங்கம் அதற்குப் பிறகு பட்டம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது.

நான் வகுப்பிலே விசையைப் பற்றிப் பேசினால் எப்படிப் பேசுவேன் தெரியுமா? "வானத்து மீனை வழிநடத்துவது எது? விசை! தேங்காய் மரத்திலிருந்து தேங்காயைத் தரைக்குத் தருவது எது? விசை! வண்டியை இழுப்பது விசை! வாழ்வை இயக்குவது விசை!" பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் கண்ணை மூடி அந்தக் கைதட்டலைக் கேட்பேன். விசைக்கு அலகு என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றாது.

இதன் பலன் என்ன? ஆண்டுத் தொடக்கத்தில் நான்காம் படிவ வகுப்புக்கு ஒரு சோதனை வைத்தேன். அதே வாரம் மாவட்ட அளவில் பேச்சுப் போட்டியும் நடந்தது. என் இயற்பியல் வகுப்பிலிருந்து போன பிள்ளைகள் முதல் பரிசும் வாங்கினார்கள், இரண்டாம் பரிசும் வாங்கினார்கள், ஆறுதல் பரிசும் வாங்கினார்கள். இயற்பியல் சோதனையில்? ஆறுதல் கூட இல்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். அங்கே மூன்றாவது வரிசையில் ஓர் ஆசிரியர் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் வகுப்பிலும் இதே கதைதான் போலும்.

அந்த வகுப்பிலே ஒரு பெண் பிள்ளை. பெயர் தாமரை. ஊர் பண்டமாரான். அப்பா லோகன், துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அம்மா இராஜம்மா, வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறார். தாமரைக்கு அறிவியல் பிரிவு வேண்டும் என்று அவளே கேட்டு வந்தாள். வந்த முதல் மாதமே என் பேச்சில் மூழ்கினாள், சோதனையில் முழுகிப் போனாள். கைதட்டாத ஒரே பிள்ளை அவள்தான். நான் பேசும்போது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்ப்பாள். எதையோ கேட்க வருவதுபோல் கை பாதி எழும். அதற்குள் நான் அடுத்த அடுக்குமொழிக்குப் போயிருப்பேன். கை இறங்கிவிடும்.

மதிப்பெண் வந்ததும் லோகன் முடிவெடுத்துவிட்டார். "வேணாம்மா. கணக்கியல் கிளாஸுக்கு மாறிடு. நமக்கு இது சரிப்பட்டு வராது." பிரிவு மாறுவதற்கு அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வரைதான் நேரம். துணைத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். தாமரை போனால் அவளோடு அவள் தோழிகளும் போவார்கள். அவர்கள் போனால் இயற்பியல் வகுப்புக்கு ஆள் போதாது, வகுப்பையே மூட வேண்டியதுதான். "அப்புறம் எனக்கு என்ன பாடம் சார்?" என்றேன். "ஓவியம்" என்றார். நான் கரும்பலகையில் வரைந்த கப்பியைப் பார்த்து இது ஆமையா என்று கேட்ட பள்ளி அது.

அந்த நேரத்தில்தான், பெரியோர்களே, கல்வி இலாகா என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல். உண்மையைச் சொல்கிறேன், நான் போனது காலைத் தேநீரோடு கொடுக்கும் கறிபாப்புக்காக. அங்கே பயிற்சி கொடுக்க வந்தவர் ரபேல் என்ற இளைஞர். என் மகன் வயதுகூட இருக்காது. நான் எழுந்து அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேள்வி முடிவதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், ரொம்ப சிம்பிள் லா. நீங்க கிளாஸ்ல பேசறத வீட்லயே சின்ன வீடியோவா எடுத்து அனுப்பிருங்க. பிள்ளைங்க வீட்ல பார்த்துட்டு வரட்டும். கிளாஸ் டைம் முழுக்க கையால செய்யட்டும்."

"அப்போ கிளாஸ்ல நான் என்ன பண்றது?"

"சும்மா இருங்க சார். கூப்பிட்டா போங்க."

சும்மா இருப்பதா! சபையோரே, என்னைப் பார்த்து! மீனைக் கூப்பிட்டுக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார் என்றால் எப்படி இருக்கும்? கையிலிருந்த கறிபாப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஆனால் ஓவியம் கண்முன் வந்து நின்றது. சரி என்று சொல்லிவிட்டேன்.

என் முதல் வீடியோவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படாதவர்கள் பாக்கியவான்கள். தலைப்பு, அழுத்தம். அது இரண்டாம் படிவத்துப் பாடம்தான், ஆனால் நான்காம் படிவத்தில் பாதிப் பேருக்கு அங்கேதான் ஆட்டம் காண்கிறது, அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். பட்டு ஜிப்பா போட்டேன். வீட்டுக் கூடத்தில் புனிதாவின் குத்துவிளக்கை ஏற்றி வைத்தேன். கைப்பேசியை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். பிறகு, ஆளில்லாத அறையில், அரிசி டப்பாவைப் பார்த்து, "அவைத் தலைவர் அவர்களே! ஆன்றோர்களே! சான்றோர்களே! திரண்டிருக்கும் தாய்மார்களே!" என்று தொடங்கிவிட்டேன்.

அம்மையார் சிரிக்கிறார். அம்மையாரே, உங்களையும் அந்த வீடியோவில் விளித்திருக்கிறேன். நீங்கள் அங்கே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நாக்குக்குப் பழக்கம். விளிகள் முடிந்து அழுத்தம் என்ற சொல் வாயில் வரும்போது கைப்பேசியில் பாதி மின்னூட்டம் போயிருந்தது.

மறுநாள் வகுப்பில், "பார்த்தீர்களா?" என்றேன். பார்த்தோம் என்றார்கள். இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்களாம். என் செந்நாவை அணில் பேசுவதுபோல் கேட்டு, வீடு கொள்ளாமல் சிரித்திருக்கிறார்கள். முழுதாகப் பார்த்தது யார் தெரியுமா? தாய்மார்கள்! பிள்ளைகள் பலருக்குச் சொந்தக் கைப்பேசி இல்லை, வீடியோ போனது அம்மாவின் கைப்பேசிக்கு. திரண்டிருக்கும் தாய்மார்களே என்று நான் கூப்பிட்டேன், அவர்களும் திரண்டுவிட்டார்கள்! பண்டமாரான் கோயிலின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் என் அழுத்தம் பரவிவிட்டது. சனிக்கிழமை காய்கறிப் பாசாரில் தாமரையின் அம்மா இராஜம்மா என்னைப் பார்த்து ஓடி வந்தார்.

"சார், உங்க வீடியோ பார்த்தேன் சார். கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

என் நெஞ்சு விரிந்தது. "அழுத்தம்னா என்னன்னு புரிஞ்சுதாம்மா?"

"அதெல்லாம் தெரியாது சார். ஆனா அழுதுட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "வெங்காயம் வேற வெட்டிக்கிட்டு இருந்தேன்."

அன்று வீட்டுக்குப் போய்ப் புனிதாவிடம் சொன்னேன். புனிதா என் வீடியோவைக் கேட்டு வாங்கினார். கணினி முன் உட்கார்ந்தார். வெட்டினார். ஆன்றோரை வெட்டினார், சான்றோரை வெட்டினார், தாய்மார்களை வெட்டினார், தேங்காய் மரத்தை வெட்டினார். நான் பின்னால் நின்று, "ஐயோ, அந்த எதுகை, அந்த எதுகையை மட்டும் விட்டுவிடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் நாலு நிமிடம் மிஞ்சியது. பார்த்தேன். அதில் ஒரு மனிதர் இருந்தார். ஓர் ஊசியையும் ஒரு கட்டைவிரலையும் காட்டி, ஒரே விசை சின்ன இடத்தில் விழுந்தால் அழுத்தம் கூடும், பெரிய இடத்தில் பரவினால் குறையும் என்று நிதானமாகச் சொன்னார். எனக்கே புரிந்தது, அதையே பிள்ளைகளுக்கு அனுப்பினேன். இத்தனை ஆண்டு என்னோடு வாழ்ந்தும் நான் சந்திக்காத ஆசிரியர் அவர்.

இனி செய்முறை. என்ன செய்முறை? ஒரு மேசையைத் தரையில் கவிழ்த்துப் போட வேண்டும். அதற்கு அடியில் பிளாஸ்டிக் பைகள். பையின் வாயில் உறிஞ்சுகுழல் வைத்து ஒட்ட வேண்டும். மேசையின் மேல் ஒரு மனிதர் உட்கார வேண்டும். சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் வாயால் ஊதி அந்த மனிதரைத் தூக்க வேண்டும். வெறும் மூச்சுக் காற்றால்! எப்படிச் செய்வது என்று நான் சொல்லக் கூடாது. அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் என்ன நடந்தது? பிள்ளைகள் உறிஞ்சுகுழலைக் கையில் எடுத்தார்கள். "ஒரே ஒரு சிறு குறிப்பு" என்று நான் ஆரம்பித்தேன். மணி அடித்தது. பாடம் முடிந்தது. உறிஞ்சுகுழல் அப்படியே கையில் இருந்தது.

அடுத்த நாள் வகுப்புக்குப் போகிறேன், தரையில் ஒரு சதுரம். ஒட்டு நாடாவால் போட்ட சதுரம். வகுப்புத் தலைவி பெர்னிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சார், நீங்க இதுக்குள்ள நிக்கணும்."

"எதுக்குமா?"

"நாங்க கூப்பிட்டா மட்டும் வெளிய வரணும். கூப்பிடாட்டி பேசக்கூடாது. கிளாஸ் ஓட்டு போட்டாச்சு சார், சாரி லா."

ஜனநாயகம்! செந்நாச் செம்மல் ஒரு சதுரத்துக்குள். ஜிப்பாவின் நுனி கோட்டைத் தாண்டினாலும் பெர்னிஸ் பார்ப்பாள். நான் வாயைத் திறந்தால் விரலை உதட்டில் வைப்பாள். கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகருக்காவது கையில் ஒரு கதை இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

ஆனால் அன்பர்களே, அது சிரிப்பான நாள் அல்ல. அது வியாழக்கிழமை. மறுநாள் அந்தக் கடைசி வெள்ளி. தாமரை அன்று காலையே என்னிடம், "சார், அப்பா இன்னிக்கு வர்றாரு. ஆபீஸ்ல சொல்லி மாத்திடுவாரு" என்று சொல்லியிருந்தாள். அழவில்லை. உறிஞ்சுகுழலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

பிள்ளைகள் வேலையை ஆரம்பித்தார்கள். பாசாரில் காய்கறி போட்டுக் கொடுக்கும் சின்னப் பைகளை மேசையின் நடுவில் குவித்தார்கள். பெர்னிஸ் ஏறி உட்கார்ந்தாள். ஊதினார்கள். கன்னம் சிவக்க ஊதினார்கள். ஒரு பை படாரென்று வெடித்தது. இன்னொன்று. மேசை அசையவே இல்லை. சரியாக அந்த நேரத்தில் ஆய்வுக்கூட வாசலில் ஒரு நிழல் விழுந்தது. லோகன். லோரியை எங்கேயோ நிறுத்திவிட்டு, வேலைச் சட்டையோடே வந்திருக்கிறார். நல்ல கனத்த உடம்பு, நல்ல கனத்த குரல்.

"என்னம்மா இது? காத்து ஊதவா உன்ன ஸ்கூலுக்கு அனுப்பறேன்?"

தாமரை வெடித்த பையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "வா, போலாம். ஆபீஸ் மூடிருவான்."

அன்பர்களே! எனக்குப் பதில் தெரியும். அந்த மேசை ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரியும். லோகனிடம் என்ன சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். ஒரு முழு உரை என் வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைக் கடந்து, தொண்டைக்கு வந்துவிட்டது. "தந்தையே! தளராத உழைப்பாளியே!" என்று தொடக்கம் கூடத் தயார். என் வலது கால் சதுரத்தைத் தாண்டியது. பெர்னிஸ் என்னைப் பார்த்தாள். விரலை உதட்டில் வைக்கவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள். அந்தப் பிள்ளையின் கண்ணில் கெஞ்சல் இருந்தது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் தூக்கிய மிகக் கனமான பொருள் அந்தக் கால்தான்.

அந்த அமைதியில் தாமரை வெடித்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து ஓடினாள். அப்பா பக்கம் ஓடவில்லை, கன்டீன் பக்கம் ஓடினாள். வரும்போது கை நிறைய குப்பைத்தொட்டிக்குப் போடும் பெரிய கறுப்புப் பைகள். மேசையைத் தூக்கச் சொன்னாள். பைகளை நடுவில் குவிக்காமல், மேசையின் அடிப்பகுதி முழுக்கப் பாய் விரிப்பதுபோல் விரித்தாள். வாய்களில் உறிஞ்சுகுழலைச் செருகி நாடாவால் இறுக்கிக் கட்டினாள். பெர்னிஸ் மேசையில் ஏறப் போனாள். தாமரை அவளைத் தடுத்தாள்.

"அப்பா, நீங்க ஏறி உட்காருங்க."

"நானா? போம்மா. என் வெயிட்டு தெரியாதா உனக்கு?"

"உட்காருங்கப்பா. தூக்கலன்னா நானே ஆபீஸுக்கு வரேன்."

லோகன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் கையால் மேசையைக் காட்டினேன். கவிழ்ந்த மேசையின் நான்கு கால்களுக்கு நடுவில், பல்லக்கில் உட்கார்வதுபோல் அவர் உட்கார்ந்தார். சுற்றி மண்டியிட்டு உட்கார்ந்தது என் நான்காம் படிவம். ஊதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஊதினார்கள். பைகள் கொஞ்சம் புடைத்தன. ஊதினார்கள்! மேசை ஒரு பக்கம் சாய்ந்தது, லோகன் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார். ஊதினார்கள்! மறுபக்கமும் எழுந்தது. ஊதினார்கள்! துறைமுகத்து லோரி ஓட்டுநர், கனத்த உடம்புக்காரர், என் பிள்ளைகளின் மூச்சின் மேல் மிதந்தார்!

"ஐயோ! டேய்! ஏய்! போதும், போதும்!" பிறகு குரல் மாறியது. "எறக்கிடாதீங்க, எறக்கிடாதீங்க. இருங்க."

கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் இது எனக்கான கைதட்டல் அல்ல. நான் சதுரத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

மேசை இறங்கியது. லோகன் இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டு, "எப்படிம்மா இது?" என்று கேட்டார். நான் மூச்சை இழுத்தேன். வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது. மூச்சை விட்டேன். தாமரை சொன்னாள்.

"சின்னப் பைன்னா கொஞ்ச எடத்துலதான் தாங்கும்பா. அப்ப ரொம்ப அழுத்தி ஊதணும், பை வெடிச்சிடும். பெரிய பை மேசை முழுக்க தாங்குது. கொஞ்சமா அழுத்தம் இருந்தாலே போதும், எடம் பெருசா இருக்கறதால உங்கள தூக்கிருச்சு."

அவ்வளவுதான். அதில் வானத்து மீன் இல்லை, தேங்காய் மரம் இல்லை. இயற்பியல் இருந்தது.

லோகன் மகளையே பார்த்தார். "இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்க. அப்புறம் ஏம்மா டெஸ்ட்ல போச்சு?"

தாமரை என்னை ஒரு தடவை பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். சொல்லிவிட்டாள்.

"வீட்ல சார நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியுதுப்பா. புரியலன்னா திரும்ப வைப்பேன். கிளாஸ்ல சார நிறுத்த முடியாது."

சபையோரே! நான் எத்தனையோ மேடையில் எத்தனையோ விமர்சனம் கேட்டவன். தக்காளி விலை ஏறியதால் தப்பித்தவன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை உட்கார வைத்துவிட்டது. உண்மையாகவே உட்கார்ந்துவிட்டேன், சதுரத்துக்குள், தரையில். மற்றவர்கள் என்னை இரட்டை வேகத்தில் ஓட்டிச் சிரித்தபோது, இந்தப் பிள்ளை பண்டமாரானில், அம்மா பலகார வேலை முடிந்து கைப்பேசியைக் கொடுக்கும் வரை காத்திருந்து, என்னை நிறுத்தி, யோசித்து, மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்தி, யோசித்திருக்கிறாள். பாதி எழுந்து இறங்கிய அந்தக் கை எதைக் கேட்க வந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. "சார், கொஞ்சம் நில்லுங்க" என்று கேட்க வந்திருக்கிறது.

லோகன் எழுந்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். என் சதுரத்தின் ஓரத்தில் வந்து நின்று, கை நீட்டி என்னைத் தூக்கிவிட்டார்.

"சார், நா வந்ததுலேர்ந்து நீங்க ஒரு வார்த்த பேசல. நல்ல வாத்தியார் சார் நீங்க."

பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள் எனக்கு. மாலை போட்டிருக்கிறார்கள். பட்டம் கொடுத்திருக்கிறார்கள். இதைப் போல் ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதற்கும் ஏற்புரை ஆற்றத்தான் வாய் வந்தது. பெர்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினேன். லோகன் அலுவலகப் பக்கம் போகாமல் நேராக வாசல் பக்கம் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

தாமரை அதற்குப் பிறகு வகுப்பில் முதலாவதாக வந்தாள் என்று சொன்னால் நீங்கள் இன்னும் பலமாகத் தட்டுவீர்கள். வரவில்லை. தேறினாள். அடுத்த சோதனையில் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தேறினாள். இப்போது ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். அரசுத் தேர்வை இனிமேல்தான் எழுத வேண்டும். வகுப்பு மூடப்படவில்லை. ஓவியப் பாடமும் என்னிடமிருந்து தப்பித்தது.

ஆசிரியப் பெருமக்களே! நாம் யாரை மக்கு என்கிறோம்? நாம் ஓடும் வேகத்தில் ஓடிவராதவனையா? எத்தனை பிள்ளைகளின் கை பாதியில் எழுந்து பாதியில் இறங்குகிறது! எத்தனை பிள்ளைகள் அறிவியல் எனக்கு வராது என்று தங்களையே நம்ப வைத்துக்கொண்டு வேறு வாசல் வழியாக வெளியே போகிறார்கள்! அவர்களுக்குக் குறைந்தது மூளையா? இல்லை! முயற்சியா? இல்லை! நம்மை ஒரு நொடி நிறுத்தும் உரிமை! அதைக் கொடுங்கள். பாடத்தை வீட்டுக்கு அனுப்புங்கள், அது அங்கே நின்று நின்று போகட்டும். வகுப்பில் பொருளைக் கொடுங்கள், அது உடையட்டும், வெடிக்கட்டும், வழியட்டும். பதில் உங்கள் தொண்டையில் வந்து நிற்கும்போது, ஐயாமாரே, அம்மாமாரே, அதை விழுங்குங்கள்! கசக்கும். எனக்குத் தெரியும். நான் தினமும் விழுங்குகிறேன்.

சதுரம் இப்போது இல்லை. என் வகுப்பில் வேறொரு வழக்கம் வந்திருக்கிறது. எந்தப் பிள்ளையாவது உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் நான் நின்றுவிட வேண்டும். வாக்கியம் முடியாவிட்டாலும் சரி. ஆரம்பத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்கே தூக்கினார்கள். நான் மூச்சு வாங்கும் முன்பே நின்று, நின்று, நின்று, ஒரு நாள் முழுக்க வருகைப் பதிவைக் கூட முடிக்க முடியவில்லை. இப்போது தேவைப்படும்போது மட்டும் தூக்குகிறார்கள். அதில் அதிகம் தூக்குவது தாமரைதான்.

அம்மையார் மணியைத் தொடுகிறார். கண்டுகொண்டேன் அம்மையாரே. நான் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் ஏறிய எந்த மேடையிலும் மணிக்கு நின்றவன் அல்ல. மணி அடித்தால் அதைத் தாளமாக எடுத்துக்கொண்டு தொடர்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று உங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். பின்னால் நிற்கும் என் பிள்ளைகள் அந்த மேசையை மேடைக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். பைகளை விரித்தாகிவிட்டது. தாங்கள் இறங்கி வந்து அதில் அமர வேண்டும். பயப்படாதீர்கள். லோகன் அண்ணனையே தூக்கியவர்கள். முன்வரிசைப் பெரியோர்களே, பொன்னாடைகளை நாற்காலியில் வைத்துவிட்டு ஆளுக்கொரு உறிஞ்சுகுழல் வாங்கிக்கொள்ளுங்கள். புனிதா, நீயும் வா. உன்னுடைய மூச்சு எவ்வளவு பலமானது என்று எனக்குத் தெரியும். எப்படி ஊத வேண்டும், ஏன் தூக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. கேள்வி இருந்தால் அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

முடிவுரை என்று மூன்று பத்தி எழுதி வைத்திருக்கிறேன். மிக அழகான பத்திகள். முதல் பத்தியில் கிள்ளான் ஆற்றைப் பற்றி ஓர் உவமை இருக்கிறது, அதை நான் வீட்டில் கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்து, அது ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, இந்த அரங்கமே எழுந்து நிற்கும் அளவுக்கு...

தாமரை கையைத் தூக்கிவிட்டாள்.

நன்றி. வணக்கம்.